ஒரே தீங்கு, பல துறைகள்: கள்ளச்சாராய நச்சு நேர்வுகளை முன்வைத்து அரசுத் துறைகளின் கூட்டுச் செயல்பாடு

ஆய்வுச் சுருக்கம்

மதுவாலும் போதைப்பொருள்களாலும் விளையும் தீங்கு எந்த ஓர் அரசுத் துறையின் எல்லைக்குள்ளும் அடங்குவதில்லை. சட்டத்தை மதுவிலக்குத் துறையும், குற்றத்தைக் காவல்துறையும், நோயை மருத்துவத் துறையும், குடும்பத்தின் வாழ்வாதாரத்தை வருவாய், சமூக நலத் துறைகளும் தனித்தனியே கையாள்கின்றன. இத்துறைகள் இணைந்து செயல்படுவதன் தேவையையும், அவ்வாறு செயல்படுவதில் உள்ள தடைகளையும், தமிழ்நாட்டில் 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த மெத்தனால் கலந்த சாராய இறப்புகளை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. வேல்சு நாட்டின் கார்டிஃப் நகரில் மருத்துவமனையும் காவல்துறையும் தகவல் பகிர்ந்துகொண்ட முறை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தகவல் பகிர்வும், குடித்தவர் அச்சமின்றிச் சிகிச்சைக்கு வரும் சூழலும் கூட்டுச் செயல்பாட்டின் இரு அடிப்படைகள் என்பது கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: கள்ளச்சாராயம், மெத்தனால், மதுவிலக்கு, கூட்டுச் செயல்பாடு, தகவல் பகிர்வு, தீங்கு குறைப்பு, கள்ளக்குறிச்சி.

முன்னுரை

தமிழ்நாட்டில் மது குறித்த விவாதம் பெரும்பாலும் மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாமா என்னும் வினாவைச் சுற்றியே நிகழ்ந்து வருகிறது. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தலைமையிலான அரசு மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியதிலிருந்து, 1948-இல் அது மாகாணம் முழுவதும் விரிவாக்கப்பட்டது, 1971-இல் தளர்த்தப்பட்டது, 2003-இல் சில்லறை மது விற்பனை தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் (டாஸ்மாக்) பொறுப்பில் வந்தது எனக் கொள்கை பலமுறை மாறியுள்ளது. ஆனால், எந்தக் கொள்கை நடைமுறையில் இருந்தாலும் குடியால் பாதிக்கப்பட்டவர் ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார்; அவருக்கு விற்றவர் ஒருவர் இருக்கிறார்; அவரை நம்பி ஒரு குடும்பம் இருக்கிறது. இம்மூவரையும் ஒருசேரக் காணும் நிருவாக ஏற்பாடு உள்ளதா என்னும் வினா, கொள்கை விவாதத்தில் உரிய இடம் பெறவில்லை.

இந்த வினாவை ஆராய்வதற்குக் கள்ளச்சாராய நச்சு நேர்வுகள் பொருத்தமான களம். வழக்கமான குடிநோயின் தீங்கு பல ஆண்டுகளில் மெல்ல வெளிப்படுகிறது. மெத்தனால் நஞ்சோ ஒன்றிரண்டு நாள்களில் உயிரைப் பறிக்கிறது. துறைகளுக்கு இடையேயான இடைவெளி வேறு சூழல்களில் கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கலாம். இங்கு அது இறப்பு எண்ணிக்கையாகவே வெளிப்பட்டுவிடுகிறது.

1. துறைகளும் அவற்றின் எல்லைகளும்

இந்திய அரசமைப்பின் 47-ஆம் உறுப்பு, மருத்துவத் தேவைக்கன்றிப் போதைப் பானங்களையும் போதைப்பொருள்களையும் பயன்படுத்துவதைத் தடை செய்ய அரசு முயல வேண்டும் எனக் கூறுகிறது. மக்களின் ஊட்டச்சத்து நிலையையும் பொதுச் சுகாதாரத்தையும் உயர்த்துவது அரசின் கடமை என்பதும் அதே உறுப்பில்தான் இடம்பெற்றுள்ளது. அதாவது, மதுவைப் பொதுச் சுகாதாரத்தின் ஒரு பகுதியாகவே அரசமைப்பு நோக்குகிறது. நிருவாகத்தில் இவ்விரண்டும் பிரிந்து நிற்கின்றன.

தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமே இன்றும் அடிப்படைச் சட்டம். அதைச் செயல்படுத்தும் பொறுப்பு மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையைச் சார்ந்தது. கள்ளச்சாராயத்தைக் கண்டறிந்து அழிப்பதும் வழக்குத் தொடுப்பதும் காவல்துறையின், குறிப்பாக மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் பணி. மெத்தனால் போன்ற தொழிற்சாலை வேதிப்பொருள்களை வைத்திருப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் 1959-ஆம் ஆண்டின் விதிகளின்கீழ் உரிமம் வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு மருத்துவம் அளிப்பது மக்கள் நல்வாழ்வுத் துறை. இறப்பு நிகழ்ந்தபின் நிவாரணம் வழங்குவதும், கிராம அளவில் செய்தியை மேலே அனுப்புவதும் வருவாய்த் துறை. மறுவாழ்வு மையங்களோ ஒன்றிய அரசின் சமூக நீதி அமைச்சகத்தின் நிதியுதவியில் பெரிதும் தொண்டு நிறுவனங்களால் நடத்தப்படுகின்றன. அரசு மருத்துவமனைகளின் குடிநோய்ச் சிகிச்சைப் பிரிவுகள் சுகாதாரத் துறையின்கீழ் வருகின்றன. சிகிச்சை என்னும் ஒரே பணிகூட இரண்டு அமைச்சகங்களுக்கிடையே பகிர்ந்து கிடக்கிறது.

இத்தகைய பணிப்பகுப்பு தவறானதன்று. ஒவ்வொரு பணிக்கும் தனித் திறன் தேவை. ஆனால் ஒவ்வொரு துறையும் தனக்குரிய அளவுகோலால் வெற்றியை அளக்கிறது. பறிமுதல் செய்த சாராயத்தின் அளவையும் பதிந்த வழக்குகளின் எண்ணிக்கையையும் காவல்துறை கணக்கிடுகிறது. மருத்துவமனை குணமடைந்து சென்றவர்களைக் கணக்கிடுகிறது. வாணிபக் கழகம் விற்பனையைக் கணக்கிடுகிறது. ஒரு வட்டாரத்தில் மதுவால் நேர்ந்த மொத்தத் தீங்கு கூடியதா, குறைந்ததா என்பதைக் கணக்கிடும் பொறுப்பு இவற்றுள் எதற்கும் இல்லை.

2. மெத்தனால் நஞ்சின் இயல்பு

கூட்டுச் செயல்பாட்டின் தேவையை உணர இந்நஞ்சு செயல்படும் முறையை அறிவது இன்றியமையாதது. குடிக்கும் மதுவில் உள்ளது எத்தனால். சாயத்தொழில், பெயின்ட், மருந்து உற்பத்தி முதலியவற்றில் கரைப்பானாகப் பயன்படுவது மெத்தனால். இரண்டையும் நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ குடிப்பவர் வேறுபடுத்தி அறிய இயலாது. போதையைக் கூட்டுவதற்காகவோ செலவைக் குறைப்பதற்காகவோ கள்ளச்சாராயத்தில் மெத்தனால் கலக்கப்படுகிறது.

மெத்தனால் உடலுக்குள் சென்றவுடன் பெருங்கேடு விளைவிப்பதில்லை. கல்லீரலில் உள்ள நொதி அதனை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இந்த அமிலமே பார்வை நரம்பைச் சிதைத்து, இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டி, மூச்சையும் இதயத்தையும் நிறுத்துகிறது. இம்மாற்றம் நிகழப் பொதுவாக 12 முதல் 24 மணி நேரம் ஆகிறது. எத்தனாலும் சேர்ந்திருந்தால் இந்த இடைவேளை இன்னும் நீள்கிறது. இவ்விடைவேளையில் குடித்தவர் வழக்கமான போதையிலோ அதன் மயக்கத்திலோ இருப்பதாகவே பிறர் எண்ணுவர். வயிற்றுவலி, வாந்தி, கண் மங்குதல் ஆகியவை தோன்றும்போது நஞ்சு தன் வேலையைப் பெருமளவு முடித்திருக்கும்.

மருத்துவத்தின் நம்பிக்கையும் இதே இடைவேளையில்தான் உள்ளது. மேற்சொன்ன நொதி மெத்தனாலைவிட எத்தனாலையே விரும்பிப் பற்றும். ஆகவே மருத்துவர் அளவறிந்து கொடுக்கும் எத்தனால் அல்லது ஃபோமெபிசோல் என்னும் மருந்து, ஃபார்மிக் அமிலம் உருவாவதைத் தடுக்கிறது. இரத்தச் சுத்திகரிப்பு மெத்தனாலையும் அமிலத்தையும் வெளியேற்றுகிறது. பைகார்பனேட்டு அமிலத்தன்மையைச் சமன்செய்கிறது. முற்றிய நிலையில் வருபவருக்கு இவை பயன்தருவது அரிது. எனவே, ஒரே சாராயத்தைக் குடித்த பிறரை அவர்களுக்கு அறிகுறி தோன்றுமுன்பே தேடிக் கண்டுபிடிப்பதே மிகப் பெரிய சிகிச்சை. இந்தத் தேடல் மருத்துவரால் மட்டும் இயலாது. யாரிடம் வாங்கினார்கள், அந்த வியாபாரி வேறு எங்கெல்லாம் விற்றார் என்பதைக் காவல்துறை கண்டறிய வேண்டும். வீடுவீடாகச் சென்று கேட்கக் கிராம நிருவாக அலுவலரும் கிராம சுகாதார செவிலியரும் வேண்டும். ஏற்றிச்செல்ல 108 ஊர்தி வேண்டும்.

3. 2023, 2024 நேர்வுகள்

2023 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகேயுள்ள எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் பகுதியிலும் நச்சுச் சாராயம் குடித்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் குடித்தது காய்ச்சிய சாராயமன்று, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்குரிய மெத்தனால் என்று காவல்துறை அறிவித்தது. இந்த அறிவிப்பு சிக்கலின் இடத்தையே மாற்றுகிறது. ஊறலைத் தேடி மலையடிவாரத்துக்கும் ஆற்றங்கரைக்கும் செல்லும் வழக்கமான வேட்டை, தொழிற்சாலையின் இருப்பறையிலிருந்து கசியும் வேதிப்பொருளைத் தடுக்காது. அதைத் தடுக்க வேண்டியது உரிமப் பதிவேட்டுச் சோதனை: எவ்வளவு வாங்கப்பட்டது, எவ்வளவு பயன்பட்டது, எஞ்சியது எங்கே என்னும் கணக்கு.

ஓராண்டு கழித்து, 2024 ஜூன் மாதம், கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் பேரிழப்பு நேர்ந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெண்களும் இறந்தவர்களுள் அடங்குவர். பாதிக்கப்பட்டவர்கள் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் சேர்க்கப்பட்டனர். முதலில் இறந்தோரின் துக்கத்துக்கு வந்தவர்களுள் சிலரும் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வெளிவந்தன. மாவட்ட ஆட்சியர் இடமாற்றம் செய்யப்பட்டார். காவல் கண்காணிப்பாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைக்கப்பட்டது. சட்டப்பேரவை மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, உயிரிழப்பு நேரும் குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை வழிவகுத்தது. 2024 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது.

இந்நடவடிக்கைகள் அனைத்தும் தேவையானவை. எனினும் இவை யாவும் இறப்புக்குப் பின் நிகழ்பவை, தண்டனை சார்ந்தவை. முதல் நோயாளி மருத்துவமனைக்கு வந்த மணித்துளிக்கும் ஊர் முழுவதும் எச்சரிக்கப்படும் மணித்துளிக்கும் இடையிலான நேரத்தை அவை தாமாகவே குறைத்துவிடுவதில்லை. தீங்கு குறைப்பு நோக்கில் அந்த நேரமே முதன்மையானது.

4. தகவல் தேங்கும் இடங்கள்

நச்சு நேர்வு ஒன்றில் தகவல் எங்கெல்லாம் தேங்குகிறது எனப் பார்க்கலாம். நஞ்சு உட்கொண்டவர் அரசு மருத்துவமனைக்கு வந்தால் அவர் பெயர் விபத்துப் பதிவேட்டில் பதியப்பட்டு, மருத்துவமனையின் புறக்காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பப்படுகிறது. அங்கிருந்து அது உரிய காவல் நிலையத்துக்குச் செல்கிறது. இம்முறை ஒவ்வொரு நோயாளியையும் ஒரு தனி வழக்காகக் கருதி அமைந்தது. ஒரே தெருவிலிருந்து வந்த மூவர் மூன்று வெவ்வேறு மருத்துவமனைகளில் சேர்ந்தால், மூன்று தனித் தகவல்கள் செல்லும். அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்ப்பவர் எவர் என்பது தெளிவாக இல்லை. ஒருவர் தனியார் மருத்துவமனைக்குச் சென்றாலோ வீட்டிலேயே இறந்தாலோ அந்தத் தகவலும் கிடைப்பதில்லை.

இரண்டாவது தேக்கம் நோயாளியிடமே உள்ளது. மதுவிலக்குச் சட்டத்தின்கீழ்க் கள்ளச்சாராயத்தை விற்பது மட்டுமன்றி வாங்குவதும் குடிப்பதும் குற்றமாகும். எனவே வயிற்றுவலி என்று வருபவர், என்ன குடித்தீர்கள் என்னும் வினாவுக்கு உண்மையைக் கூறத் தயங்குவார். அவர் அருகில் காவலர் நின்றால் தயக்கம் கூடும். குடித்தவருக்கு ஊரில் நேரும் இழிவும், விற்பவர் உறவினராகவோ அண்டை வீட்டினராகவோ இருப்பதும் வாயை அடைக்கின்றன. இங்குத் துறைகளின் நெருக்கமே தீங்காக மாறக்கூடும் என்பதைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனையைக் காவல்துறையின் மறு அலுவலகமாக மக்கள் கருதத் தொடங்கினால், வர வேண்டியவர்கள் வரமாட்டார்கள்.

மூன்றாவது தேக்கம் அதிகாரிகளின் அச்சம். தம் எல்லையில் கள்ளச்சாராயம் விற்கப்படுகிறது என முதலில் அறிவிப்பவரே முதலில் விளக்கம் கேட்கப்படுபவராக இருந்தால், உறுதிப்படட்டும் என்று காத்திருப்பது மனித இயல்பு. நச்சு எது என்பதைத் தடய அறிவியல் ஆய்வகம் உறுதிசெய்யக் காலம் பிடிக்கும். அதுவரை காத்திருப்பது நிருவாக வழக்கத்துக்கு ஏற்றது. நஞ்சின் வேகத்துக்கு ஏற்றதன்று.

5. கார்டிஃப் நகரின் பட்டறிவு

துறைகளுக்கிடையே தகவல் பகிர்வது உண்மையில் பயன் தருகிறதா என்னும் வினாவுக்கு, அளந்து காட்டப்பட்ட சான்றுகளுள் ஒன்று வேல்சின் தலைநகரான கார்டிஃபிலிருந்து கிடைக்கிறது. அங்கு முகத்தாடை அறுவை மருத்துவரான ஜொனாதன் ஷெப்பர்ட், தாக்குதலால் காயமுற்று மருத்துவமனைக்கு வருபவர்களுள் பெரும்பகுதியினர் காவல்துறைப் பதிவுகளில் இடம்பெறவே இல்லை என்பதைக் கண்டறிந்தார். இவற்றுள் பல, மதுக்கடைகளையும் இரவு விடுதிகளையும் சுற்றி நிகழ்ந்த தாக்குதல்கள். 1990-களின் பிற்பகுதியில் மருத்துவமனை, காவல்துறை, நகராட்சி ஆகியவை ஒரு வன்முறைத் தடுப்புக் குழுவாக இணைந்தன.

அவர்கள் செய்தது எளிய செயல். அவசரச் சிகிச்சைப் பிரிவின் வரவேற்புப் பணியாளர், தாக்குதல் எங்கு, எப்போது, எந்தப் பொருளால் நிகழ்ந்தது என்னும் சில வினாக்களைக் கேட்டுப் பதிவார். நோயாளியின் பெயரும் அடையாளமும் நீக்கப்பட்டு, அத்தகவல் காவல்துறைத் தரவுடன் இணைக்கப்படும். எந்தக் கடை வாசலில், எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் தாக்குதல்கள் குவிகின்றன என்பது வரைபடமாகத் தெரியவரும். அதற்கேற்பக் காவல் சுற்று மாற்றப்பட்டது; விடுதி உரிமங்கள் மறு ஆய்வு செய்யப்பட்டன.

இதன் விளைவை ஒத்த தன்மையுள்ள 14 நகரங்களுடன் ஒப்பிட்ட ஆய்வு 2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளியானது. கார்டிஃபில் தாக்குதலால் மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் மாதந்தோறும் 1,00,000 பேருக்கு 7 என்பதிலிருந்து 5 ஆகக் குறைந்தனர். ஒப்பீட்டு நகரங்களில் அது 5-இலிருந்து 8 ஆக உயர்ந்தது. ஒப்பீட்டளவில் இது 42 விழுக்காட்டுக் குறைவு என ஆய்வு மதிப்பிட்டது.

கார்டிஃப் முறையை அப்படியே தமிழ்நாட்டில் பெயர்த்து நட இயலாது. அங்குச் சிக்கல் உரிமம் பெற்ற கடைகளைச் சுற்றிய வன்முறை. இங்கு நாம் பேசுவது உரிமமற்ற நஞ்சு. ஆயினும் அதன் இரு கொள்கைகள் இங்கும் பொருந்தும். முதலாவது, பகிரப்படுவது நபரைப் பற்றிய தகவலன்று, இடத்தையும் நேரத்தையும் பற்றிய தகவல். நோயாளி காட்டிக்கொடுக்கப்படுவதில்லை, ஆபத்து நிறைந்த இடம் மட்டுமே காட்டப்படுகிறது. இரண்டாவது, இப்பகிர்வு பேரிடர் நேரும் நாளில் மட்டுமன்றி நாள்தோறும் நடக்கிறது. நாள்தோறும் பேசிப் பழகாத துறைகள் நெருக்கடி நாளில் திடீரெனப் பேசிக்கொள்வதில்லை.

6. நெருக்கடிக்கு அப்பால்: சிகிச்சை இடைவெளி

நச்சுச் சாராயத்துக்கு இரையாகிறவர் பெரும்பாலும் அன்றாடக் கூலித் தொழிலாளர். மலிவான மதுவை நாடும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்த குடிநோய்க்குச் சிகிச்சை கிடைத்திருந்தால் நேர்வின் அளவே குறைந்திருக்கும். அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் தேசிய மையம், சமூக நீதி அமைச்சகத்துக்காக நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பு, 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துவதாகக் கூறுகிறது. மதுவுக்கு அடிமையானவர்களுள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாக அதே கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. எஞ்சிய 37 பேரும் அரசின் கண்ணில் படாதவர்கள் அல்லர். அவர்கள் வயிற்றுப்புண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், குடும்பச் சண்டைக்குக் காவல் நிலையத்துக்கும், விபத்துக்கு அவசரப் பிரிவுக்கும் வந்துபோகிறவர்கள். வந்த இடத்திலிருந்து சிகிச்சைக்குச் செல்லும் வழியைக் காட்டும் இணைப்பே இல்லை.

இவ்விணைப்புக்குச் சட்டத்தில் ஒரு முன்மாதிரி உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைக்கு அடிமையான ஒருவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், சிறிய அளவு தொடர்பான குற்றங்களுக்கும் உட்கொண்ட குற்றத்துக்கும் வழக்குத் தொடர்வதிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. ஹெராயின் பயன்படுத்துபவருக்கு இத்தகைய வழி இருக்கும்போது, நச்சுச் சாராயம் குடித்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடிவரும் கூலித் தொழிலாளிக்கும் அது வெளிப்படையாக உறுதிசெய்யப்பட வேண்டும் எனக் கோருவது பொருத்தமானதே.

7. கூட்டுச் செயல்பாட்டுக்கான கூறுகள்

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பின்வரும் கூறுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, திரள் கண்காணிப்பு. தொற்றுநோய்களுக்காக 2004-இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் மாவட்டந்தோறும் இயங்குகிறது. ஒரே பகுதியிலிருந்து வாந்தி, கண் மங்கல், விளக்கமற்ற அமிலமிகை ஆகியவற்றுடன் இருவர் வந்தாலே அதை ஒரு திரளாகக் கருதி அறிவிக்க இவ்வமைப்பையே பயன்படுத்தலாம். தனியார் மருத்துவமனைகளும் இதில் சேர வேண்டும்.

இரண்டாவது, ஐயத்தின்பேரில் எச்சரிக்கை. ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் ஊரை எச்சரிக்கும் அதிகாரமும், தவறான எச்சரிக்கைக்குத் தண்டிக்கப்படமாட்டார் என்னும் உறுதியும் மாவட்ட அலுவலர்களுக்கு வேண்டும். எச்சரிக்கை பொய்த்தால் இழப்பு ஒரு நாள் பதற்றம். காத்திருந்து ஐயம் உறுதியானால் இழப்பு உயிர்.

மூன்றாவது, இருவேறு வினாக்கள். மருத்துவமனையில் மருத்துவர் கேட்கும் வினா சிகிச்சைக்கானது. காவலர் கேட்கும் வினா புலனாய்வுக்கானது. இரண்டையும் காலத்தாலும் இடத்தாலும் பிரிக்க வேண்டும். குடித்தவர்மீது வழக்கில்லை என்பது ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும் முதல் செய்தியாக இருத்தல் நலம்.

நான்காவது, மெத்தனால் கணக்கு. உரிமம் வழங்கும் துறை, தொழிற்சாலை ஆய்வாளர்கள், காவல்துறை ஆகியோர் இருப்பு விவரங்களை ஒரே பதிவேட்டில் காண இயலுதல் வேண்டும்.

ஐந்தாவது, பொது அளவுகோல். மாவட்ட ஆட்சியர் நடத்தும் ஆய்வுக் கூட்டத்தில் பறிமுதல் கணக்குடன், மதுசார் காயங்கள், இறப்புகள், சிகிச்சைக்கு அனுப்பப்பட்டோர், சிகிச்சையைத் தொடர்வோர் ஆகிய எண்ணிக்கைகளும் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான கணக்காக வைக்கப்பட வேண்டும்.

முடிவுரை

துறைகளின் கூட்டுச் செயல்பாடு என்பது குழு அமைப்பதாலோ சுற்றறிக்கை அனுப்புவதாலோ நிறைவடைவதன்று. ஒரு துறை அறிந்ததை மற்றொரு துறை உரிய நேரத்தில் அறிவதும், அவ்வாறு அறிவது மக்களுக்கு எதிராகத் திரும்பாது என்னும் நம்பிக்கையுமே அதன் உட்பொருள். மெத்தனால் உடலில் நஞ்சாக மாற ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. அந்த ஒரு நாளுக்குள் மருத்துவமனையின் பதிவேட்டில் எழுதப்பட்ட செய்தி அதே தெருவில் உறங்கிக்கொண்டிருக்கும் அடுத்த வீட்டுக்காரரைச் சென்றடைந்தால் அவர் பிழைப்பார். மது குறித்த கொள்கை நாளை எவ்வாறு மாறினாலும் இந்தத் தேவை மாறாது. 2023-ஐத் தொடர்ந்து 2024-உம் அதையே உணர்த்திச் சென்றுள்ளது.